மட்டக்களப்பில் எத்தனை பேருக்குச் சலரோகம்: கணக்கெடுக்கும் வழியும் வழுக்கும் இடங்களும்

ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று கேட்டால், கையில் கிடைக்கிற ஒவ்வொரு பதிவேடும் வெவ்வேறு எண்ணைச் சொல்லும். கிளினிக் பதிவேடு ஒன்று சொல்லும், எச்.எல்.சி. (ஆரோக்கிய வாழ்வு நிலையம்) பதிவேடு வேறொன்று சொல்லும், மருந்தகத்தின் மெட்ஃபோமின் (நீரிழிவுக் குளிசை) கணக்கு இரண்டுக்கும் ஒத்துவராது. எதுவும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் தன் வாசலுக்குள் வந்தவர்களை எண்ணியிருக்கிறது, அவ்வளவுதான். நாங்கள் இந்த மூலங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த முறையை இங்கே எழுதுகிறோம். அம்பாறையிலும் இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் நாட்டின் எண்களை எடுத்து வைத்தோம். 2005-06இல் நடந்த இலங்கை நீரிழிவு, இதயநாள ஆய்வு 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3% என்றது. அந்த ஆய்வு போர் காரணமாக வடக்கையும் கிழக்கையும் விட்டு ஏழு மாகாணங்களில் மட்டுமே நடந்தது. ஆகவே அந்த 10.3ஐ எடுத்து மட்டக்களப்புச் சனத்தொகையால் பெருக்குவது, நம்மை எண்ணாத கணக்கை நம் தலையில் ஏற்றுவதாகும். தொற்றா நோய்களுக்கான ஸ்டெப்ஸ் என்ற 2015ஆம் ஆண்டின் ஆய்வு 18 முதல் 69 வயது வரையானவர்களில் 7.4% என்றது. 2018-19இன் சுகாதார, முதுமை ஆய்வு ஏறத்தாழ 23% என்றது. மூன்று நான்கு வருடத்தில் நோய் மூன்று மடங்காகப் பெருகியதா? இல்லை. 2015இல் பார்த்தது வெறும் வயிற்றுச் சீனியும் மருந்து பாவிப்பும். பிந்தியதில் வெறும் வயிற்றுச் சீனியோடு குளுக்கோஸ் குடித்த பின் எடுக்கும் சோதனையும், கடந்த சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சியும் சேர்ந்தன. 69 வயதுக்கு மேற்பட்டவர்களும் உள்ளே வந்தார்கள். வரைவிலக்கணம் அகலும்போது எண்ணும் உயரும். அதனால் எண்ணத் தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டோம்: யாரை நீரிழிவுள்ளவர் என்கிறோம், எந்த வயது, எந்த எல்லை, எந்த நாள்.

எல்லை என்பது இந்தப் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. அம்பாறை மாவட்டம் சனத்தொகைக் கணக்கில் ஒன்று. சுகாதார நிர்வாகத்திலோ அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியங்கள். நாட்டில் 25 மாவட்டம் இருக்க 26 பிராந்திய சுகாதாரப் பணிமனை இருப்பது இதனால்தான். சுகாதார அறிக்கையில் "அம்பாறை" என்று வரும் நோயாளர் தொகையை மாவட்டத்தின் முழுச் சனத்தொகையால் வகுத்தால், கல்முனைக் கரையோரம் கீழே வகுக்கும் எண்ணில் இருக்கும், மேலே உள்ள எண்ணில் இருக்காது. வீதம் பாதியாகக்கூட விழலாம். மட்டக்களப்பில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் ஆட்கள் எல்லை பார்த்து மருந்து எடுப்பதில்லை. தெற்கே கல்லாறு, நீலாவணைப் பக்கத்தில் கல்முனைக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இரு திசையிலும் போவார்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து போதனா வைத்தியசாலைக்கு வருவார்கள். ஆகவே வைத்தியசாலையை வைத்து எண்ணாமல், நோயாளியின் கிராம உத்தியோகத்தர் பிரிவை வைத்து எண்ண வேண்டும். பிரிவு எழுதப்படாத பதிவுகளைத் தனியே ஒதுக்கி, அவை எத்தனை என்றும் அறிக்கையில் சொன்னோம்.

அனுமதி இரண்டு வழி. ஆதார, பிரதேச வைத்தியசாலைகளுக்கும் களப் பணிமனைக்கும் மாகாண, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களிடம் கடிதம். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருப்பதால் அதன் பணிப்பாளரிடம் தனிக் கடிதம். இரண்டுக்கும் முன்னால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அங்கீகாரம் வேண்டும். அது மாதக்கணக்கில் இழுபடும், அதை முதலில் தொடங்குங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைச் சிறப்பு வகையாக வைத்திருக்கிறது. அடையாள அட்டை இலக்கமும் பெயரும் ஒரு கோப்பில், ஆய்வு இலக்கமும் நோய் விபரமும் வேறொரு கோப்பில், இரண்டுக்கும் வெவ்வேறு கடவுச்சொல்.

அதிக நேரம் தின்றது கிளினிக் பதிவேடு. மாத அறிக்கையில் இருப்பது வருகை, ஆள் இல்லை. மாதம் ஒருமுறை மருந்து எடுக்கிறவர் வருடத்தில் பன்னிரண்டு தடவை எண்ணப்படுவார். அதே ஆள் கண் கிளினிக்கிலும் கால் புண்ணுக்கும் பதிந்திருப்பார். அறிக்கையை விட்டுவிட்டு மூலப் பதிவேட்டுக்கே போக வேண்டும். அங்கே பெயரை நம்பினால் கெட்டோம். பூபாலப்பிள்ளை என்ற ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் நாலு விதமாக வரும். முகம்மது என்பது அதைவிடக் கூடுதலாக வரும். கலியாணமான பெண் கிளினிக்கில் புருஷனின் முதலெழுத்தைச் சொல்வார், அடையாள அட்டையில் தகப்பனின் முதலெழுத்து இருக்கும். ஆகவே பொருத்துவதற்கு அடையாள அட்டை இலக்கம்தான். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக உள்ள பழைய இலக்கத்தை, பன்னிரண்டு இலக்கப் புதிய வடிவுக்கு முதலில் மாற்றிவிடுங்கள். முன்னால் 19ஐச் சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு 0ஐச் செருகி, கடைசி எழுத்தை விட்டால் முடிந்தது. 58562 என்று தொடங்கும் பழைய அட்டை 1958562 என்று தொடங்கும், அடுத்து 0, பிறகு மீதி நாலு இலக்கம். வயதும் பாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன: ஆண்டுக்குப் பின் வரும் மூன்று இலக்கம் 500க்கு மேலென்றால் பெண். பதிவேட்டில் "ஆண்" என்று எழுதி இலக்கம் பெண்ணைக் காட்டினால், யாரோ துணையாக வந்தவரின் அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எக்ஸெலில் அந்தக் கட்டத்தை எண்ணாக விடாமல் எழுத்தாக வையுங்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டு இலக்கமும் சுருங்கி வேறு வடிவாகிவிடும். இலக்கமே இல்லாத பதிவுகளுக்குப் பெயரின் ஒலி, பிறந்த ஆண்டு, கிராமப் பிரிவு மூன்றும் ஒத்தால் மட்டும் ஒரே ஆள் என்று எடுத்தோம். அதையும் இருவர் தனித்தனியே செய்து, மாறுபட்டவற்றை மூன்றாமவர் பார்த்தார்.

கிளினிக்கை விட்டவர்கள் பெயரும் பதிவேட்டில் கிடக்கும். இறந்தவர், வெளிநாடு போனவர், தனியாரிடம் மாறியவர். கடைசி ஆறு மாதத்தில் ஒரு தடவையாவது வந்தவரை மட்டும் நடப்பு நோயாளி என்று வைத்தோம். ஆறு என்பது எங்கள் தெரிவு. பன்னிரண்டு என்றும் ஒரு தடவை கணக்கிட்டு, வித்தியாசத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.

எச்.எல்.சி. என்று எல்லோரும் சொல்லும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011இல் தொடங்கியவை. முதலில் 40 முதல் 65 வயதுக்கு, பிறகு 35இலிருந்து. நோய் தெரியாதவர்களை அகப்படுத்த இதைவிட்டால் வேறு அன்றாட மூலம் இல்லை. ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வயலுக்கும் கடலுக்கும் போகிற ஆண் காலை எட்டு மணிக்கு அங்கே வந்து நிற்க மாட்டார். எனவே அந்த வீதத்தை ஆண்களுக்குப் பொருத்தவே கூடாது. இன்னொரு பிழை பதிவேட்டுக்குள் இருக்கிறது. வெறும் வயிற்றில் பார்த்ததும் சாப்பிட்டு வந்தபின் குத்திப் பார்த்ததும் ஒரே நிரலில் எழுதப்பட்டிருக்கும். நேரமோ "வெறும் வயிறு" என்ற குறிப்போ இல்லாத எண்களை 126 (மி.கி./டெ.லீ.) என்ற, வெறும் வயிற்றுக்கான நீரிழிவு வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடக் கூடாது. அவற்றை விட்டுவிட்டோம், பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

மருந்துக் கணக்கு விரைவானது, முரட்டுத்தனமானது. ஒரு வருடத்தில் கொடுத்த 500 மில்லிகிராம் மெட்ஃபோமின் குளிசைகளை 365ஆல் வகுத்து, ஒருவர் ஒரு நாளுக்கு எடுக்கும் சராசரிக் குளிசையால் மறுபடி வகுப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் நியம நாளளவு 2 கிராம், அதாவது நாலு குளிசை. நம்மூர்க் கொப்பிகளில் பலருக்கு அதைவிடக் குறைவாகவே எழுதியிருக்கும், ஆகவே நாலால் வகுத்தால் ஆட்தொகை குறைந்து வரும். நூறு கிளினிக் கொப்பியையாவது புரட்டி, உண்மைச் சராசரியை எடுங்கள். இன்சுலின் மட்டும் போடுகிறவர் இதில் விடுபடுவார், பல்கட்டிச் சூலக நோய்க்கு (பி.சி.ஓ.எஸ்.) மெட்ஃபோமின் எடுக்கும் இளம்பெண் உள்ளே வருவார். 2022 போன்ற தட்டுப்பாட்டு வருடத்தை அப்படியே எடுத்தால், குளிசை குறைந்தது நோய் குறைந்ததுபோல் தெரியும். களஞ்சிய ஏட்டில் கையிருப்பு பூச்சியமான மாதங்களை விலக்கிவிட்டு, மீதி மாதங்களின் சராசரியை எடுக்க வேண்டும்.

விடுதி நோயாளர் பதிவும் இறப்புப் பதிவும் பரவலைச் சொல்லா. அழுகிய காலோடு வந்தவரும் மாரடைப்போடு வந்தவரும் அந்தந்தத் தலைப்பில் குறியிடப்படுவார்கள், ஈ10 முதல் ஈ14 வரையான நீரிழிவுக் குறியீட்டில் தேடினால் அகப்படமாட்டார்கள். கர்ப்பவதிகளின் எச்512 அட்டை வேறு ரகம். குடும்ப நல உத்தியோகத்தரின் கண்ணில் படாத கர்ப்பவதி மிகக் குறைவு என்பதால் அந்த ஒரு வயதுக் கூட்டத்துக்கு நம்பத் தகுந்தது. கர்ப்பகால நீரிழிவை மற்றதோடு கலக்காமல் வைத்தால் போதும்.

பொருத்திய இரண்டு பட்டியல்களிலிருந்து, இரண்டிலும் இல்லாதவரையும் மதிப்பிடலாம். விளக்கத்துக்கு எண்கள்: கிளினிக்கில் 640 பேர், மருந்தகங்களில் திரட்டிய பட்டியலில் 410 பேர், இரண்டிலும் 230 பேர். நேரில் எண்ணினால் 820. 641ஐ 411ஆல் பெருக்கி, 231ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் ஏறத்தாழ 1,139. ஆக 319 பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்தச் சூத்திரம் இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராதவை என்று நம்புகிறது. எச்.எல்.சி.யையும் கிளினிக்கையும் சோடி சேர்த்தால் அந்த நம்பிக்கை உடையும். முன்னது துண்டு எழுதிப் பின்னதுக்கு அனுப்புகிறது, பொது ஆட்கள் கூடுவார்கள், மதிப்பீடு குறைந்துவிடும். பெயர்ப் பொருத்தம் பிழைத்தாலோ எதிர்த்திசை: பொது ஆட்கள் குறைந்து மதிப்பீடு ஊதிப் போகும். எது எப்படியானாலும், இதில் வருவது வைத்தியர் கண்டுபிடித்த நோயாளர் தொகை மட்டும். தன் உடம்பில் சீனி ஏறியிருப்பதே தெரியாதவர் எந்த ஏட்டிலும் இல்லை. 2005-06 ஆய்வில் கண்டவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அப்படிப்பட்டவர்கள்.

அதற்கு வீடு வீடாகப் போய்க் குத்திப் பார்க்கத்தான் வேண்டும். பரவல் 20% என்று எடுத்து, கூட்டியோ குறைத்தோ 3% பிழை தாங்கலாம் என்றால் 683 பேர். கிராமப் பிரிவுகளைக் கொத்தாக எடுப்பதால் ஒன்றரையால் பெருக்கி 1,025. ஐந்தில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்து 1,282. முப்பது கொத்தென்றால் ஒவ்வொன்றிலும் 43 பேர். காலத்தைத் தவறாகப் பிடித்தால் இந்தக் கணக்கு எல்லாம் வீண். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் படுவான்கரைப் பாதைகள் துண்டிக்கப்படும். பெரும்போக அறுவடையில் வீட்டில் ஆள் இருக்காது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடியில் நோன்பு மாதத்தைத் தவிர்க்க வேண்டும். நோன்பு திறப்பதும் சஹர் உணவும் வெறும் வயிற்று நேரத்தைத் தலைகீழாக்கும்.

எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது என்று முதல் நாள் மாலையே வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று தனியே கேளுங்கள். இரவுத் தொழிலுக்குப் போய் வந்த மீனவர் வள்ளத்தில் சீனி போட்ட தேத்தண்ணி குடித்திருப்பார், அவருக்கு வேறு நாள் குறியுங்கள். விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். பாலைப்பழ காலத்தில் விரலில் ஒட்டிய பழச்சாறே குளுக்கோஸ் மானியில் சீனியைக் கூட்டிக் காட்டும். மானியில் செருகும் சோதனைக் கீற்றுகளின் போத்தல் மூடியைத் திறந்தபடி வைத்தால் கரையோர ஈரக்காற்று கீற்றுகளைக் கெடுக்கும். நாளத்தில் எடுக்கும் இரத்தம் சோடியம் புளோரைட்டுக் குழாயில், ஐஸ் பெட்டியில். சாதாரணக் குழாயில் வெயிலில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7% சீனி கரையும், மதியம் லேப்புக்குப் போய்ச் சேரும்போது 130 இருந்தவர் 110ஆக மாறி நீரிழிவு இல்லாதவர் ஆகிவிடுவார்.

கேள்வியும் கருவிதான். "நீரிழிவு இருக்கா?" என்றால் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறவர் "இப்ப இல்லை, குறைஞ்சிட்டு" என்பார். "சீனி வருத்தம் என்று எந்த டொக்டராவது எப்பவாவது சொன்னவரா? இப்ப குளிசையோ ஊசியோ பாவிக்கிறீங்களா? மட்டையைக் காட்டுங்க" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். வாயால் சொல்லாததை மட்டை சொல்லும்.

126ஐத் தாண்டிய ஒருவருக்கு நோய்க்குறி எதுவும் இல்லை என்றால், ஒரு சோதனையோடு நீரிழிவு என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். ஆய்வுக் கணக்கில் அவரை ஒரு சோதனையோடு சேர்க்கலாம், அதை அட்டவணையின் அடியில் எழுத வேண்டும். அந்த ஆளுக்குக் கொடுக்கும் துண்டில் திகதி, எண், வெறும் வயிறா இல்லையா, போக வேண்டிய கிளினிக்கின் கிழமை நாலும் இருக்கட்டும். அவர் போனாரா என்று இரண்டு வாரத்தில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டு, போகாதவர் வீட்டுக்கு மறுபடி போனோம்.