2023ல மிச்சிகன்: ஒரு ஸ்ட்ரைக், கொஞ்சம் சட்டம், நெறைய ஃபுட்பால்

மிச்சிகன்ல யார்கிட்ட 2023 பத்திக் கேட்டாலும் மொதல்ல லயன்ஸ், அதாவது டெட்ராய்ட்டோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம், அந்தப் பேச்சுதான் வரும். தப்பில்ல, முப்பது வருஷமா ஏங்கிக் கிடந்த ஊர் இது. ஆனா என்னைக் கேட்டா அந்த வருஷத்தோட பெரிய விஷயம் செப்டம்பர்ல கார் ஃபேக்டரி கேட் வாசல்ல நடந்ததுதான். நான் இருக்கறது டெட்ராய்ட் பக்கம், வேலையும் கார் சார்ந்த வேலை, அதனால இதை என்னால தூரத்துல இருந்து பாக்க முடியல.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன். 2022 நவம்பர் எலக்‌ஷன்ல கவர்னர் கிரெட்சன் விட்மர் மறுபடி ஜெயிச்சாங்க, கூடவே ஸ்டேட் ஹவுஸ், செனட் ரெண்டும் டெமாக்ரட்ஸ் கைக்கு வந்துச்சு. மூணும் ஒரே கட்சிகிட்டன்னு அவங்களுக்கு அமைஞ்சது நாப்பது வருஷத்துல இதான் முதல் தடவை. மெஜாரிட்டி ரொம்பப் பெருசு இல்ல, ஹவுஸ்ல 56-54, செனட்ல 20-18. இதுக்குப் பின்னாடி முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு: 2018ல ஜனங்களே ஓட்டு போட்டு தொகுதி எல்லை வரையற வேலையை அரசியல்வாதிங்ககிட்ட இருந்து பிடுங்கி ஒரு தனி கமிஷன்கிட்ட குடுத்துட்டாங்க, அந்தப் புது மேப்ல நடந்த முதல் எலக்‌ஷன் இது.

வந்தவுடனே வேகமா வேலை பாத்தாங்க. 1931லேருந்து புஸ்தகத்துல கிடந்த கருக்கலைப்புத் தடைச் சட்டத்தை ஏப்ரல்ல எடுத்தாங்க. மார்ச் 24 அன்னிக்கு 'ரைட் டு வொர்க்' சட்டத்தை ரத்து பண்ணி விட்மர் கையெழுத்து போட்டாங்க. பேரைக் கேட்டா வேலை செய்யற உரிமை மாதிரி இருக்கும், விஷயம் என்னன்னா யூனியன் பேசி வாங்கிக் குடுக்கற சம்பளம் சலுகை எல்லாம் எல்லாருக்கும் உண்டு, ஆனா சந்தா கட்டறது அவங்கவங்க இஷ்டம், அப்படின்னா யூனியன் மெதுவா காஞ்சு போகும், அதுதான் நடந்துச்சு. 2012ல ஸ்டேட் தலைநகர் லான்சிங்ல ஆயிரக்கணக்கான தொழிலாளிங்க சட்டசபைக் கட்டடம் முன்னாடி நின்னு கத்திட்டு இருக்கறப்பவே நிறைவேத்தின சட்டம் அது. ஒரு ஸ்டேட் இதை ரத்து பண்றது 1965ல இண்டியானாவுக்கு அப்புறம் இதான். கவர்மென்ட் ஊழியர்களுக்கு 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குறுக்க நிக்குது, அதனால தனியார் வேலைக்கு மட்டும்தான் பலன். இருந்தாலும் யூனியன் பொறந்து வளந்த ஸ்டேட்ல இது பெரிய விஷயம்.

நடுவுல பிப்ரவரி 13 ராத்திரி. ஈஸ்ட் லான்சிங்ல மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி கேம்பஸ்ல ஒருத்தன் துப்பாக்கியோட நுழைஞ்சு மூணு ஸ்டூடண்ட்ஸைக் கொன்னான், அஞ்சு பேருக்குப் பலத்த காயம். அவனுக்கும் அந்த யுனிவர்சிட்டிக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. இந்தப் பக்கம் பசங்க வச்சிருக்கற நம்மாளுங்க பல பேர் வீட்டுல அடுத்த காலேஜ் பேச்சு அந்த யுனிவர்சிட்டியாத்தான் இருக்கும், அன்னிக்கு ராத்திரி போன்ல எத்தனை அப்பா அம்மா அழுதாங்கன்னு எனக்குத் தெரியும். 2021ல ஆக்ஸ்ஃபோர்ட் ஹைஸ்கூல்ல சூடு நடந்தப்ப தப்பிச்ச பிள்ளைங்கள்லயே சில பேர் இப்ப இந்தக் கேம்பஸ்ல கதவைப் பூட்டிட்டு இருட்டுல உக்காந்திருந்தாங்க. பதினெட்டு இருவது வயசுக்குள்ள ரெண்டு தடவை. இதை எந்த ஊர் நியாயத்துல வைக்கறது? வருஷக்கணக்கா கமிட்டியிலேயே தூங்கின மசோதாக்கள் அப்புறம்தான் நகந்துச்சு: எல்லாத் துப்பாக்கிக்கும் பேக்ரவுண்ட் செக், வீட்டுல பூட்டி வைக்கணும்ங்கற சட்டம், ஆபத்தான ஆள்னா கோர்ட் சொல்லி துப்பாக்கியை எடுக்கற ரெட் ஃபிளாக் சட்டம். எல்லாம் அமலுக்கு வந்தது 2024 பிப்ரவரி 13, சரியா ஒரு வருஷம் கழிச்சு.

2023ல அந்தச் சூடு நடந்த அடுத்த வாரமே ஐஸ் மழை, மரமெல்லாம் முறிஞ்சு ஏழு லட்சத்துக்கு மேல கனெக்‌ஷன்ல கரண்ட் போச்சு. சில வீட்டுல நாள் கணக்கா வரல.

சரி, ஸ்ட்ரைக்குக்கு வரேன். கார் தொழிலாளிங்களோட யு.ஏ.டபிள்யூ யூனியனோட முன்னாள் தலைவருங்க ரெண்டு பேர் ஊழல் கேஸ்ல ஜெயிலுக்குப் போனவங்க. அந்த அசிங்கத்துக்கு அப்புறம்தான் தலைவரை மெம்பர்ஸே நேரடியா தேர்ந்தெடுக்கற முறை வந்துச்சு, அதுல 2023 மார்ச்ல மயிரிழையில ஜெயிச்சு வந்தவர் ஷான் ஃபெயின். இண்டியானாக்காரர், எலக்ட்ரீஷியன். கம்பெனி குடுத்த ஆஃபரை ஃபேஸ்புக் லைவ்ல குப்பைத் தொட்டியில போட்டார். செப்டம்பர் 14 நடுராத்திரி ஒப்பந்தம் முடிஞ்சுது, ஃபோர்டு, ஜி.எம்., ஸ்டெலான்டிஸ் மூணு கம்பெனி மேலயும் ஒரே நேரத்துல ஸ்ட்ரைக், யூனியன் சரித்திரத்துலயே இது முதல் தடவை. ஆனா எல்லாரையும் வெளிய கூப்பிடல. மொதல்ல மூணே மூணு பிளான்ட், அதுல ஒண்ணு இங்க வெய்ன்ல பிராங்கோ வண்டி செய்யற ஃபோர்டு பிளான்ட். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கிட்டே போனாங்க, அடுத்து எந்த பிளான்ட்னு கம்பெனிக்கே தெரியாது. வெளிய நின்னவங்களுக்கு வாரம் 500 டாலர் யூனியன் ஃபண்ட்ல இருந்து. அதுல வீட்டு வாடகை கட்டி சாப்பிடறது எவ்ளோ கஷ்டம்னு இங்க குடும்பம் நடத்தறவங்களுக்குத் தெரியும்.

அவங்க கேட்டது என்ன? 2007லேருந்து புதுசா சேந்தவனுக்கு ஒரு சம்பளம், பழையவனுக்கு ஒரு சம்பளம், ரெண்டு பேரும் ஒரே லைன்ல ஒரே போல்ட்டை முடுக்கறாங்க. 2009ல கம்பெனி திவாலாகற நிலைமையில விலைவாசிக்கு ஏத்த பஞ்சப்படியையும் விட்டுக் குடுத்தாங்க. கம்பெனி மீண்டு வந்து கோடி கோடியா லாபம் பாத்தப்ப அது திரும்பி வரல. எனக்கு இதுல ரெண்டு கருத்து கிடையாது, கஷ்டத்துல பங்கு கேட்டவன் லாபத்துலயும் பங்கு குடுக்கணும்.

செப்டம்பர் 26 பைடன் பெல்வில்ல ஸ்ட்ரைக் பண்றவங்க நிக்கற பிக்கெட் லைனுக்கே வந்து மெகாஃபோன் பிடிச்சார், பதவில இருக்கற ஜனாதிபதி ஒருத்தர் அப்படி வந்தது அதுதான் முதல். மறுநாள் டிரம்ப் கிளின்டன் டவுன்ஷிப்ல யூனியன் இல்லாத ஒரு கம்பெனில பேசினார். அக்டோபர் கடைசில ஃபோர்டு, ஸ்டெலான்டிஸ், ஜி.எம்.னு வரிசையா இறங்கி வந்தாங்க: நாலரை வருஷத்துல 25 சதவீத உயர்வு, பஞ்சப்படி திரும்ப, முழுச் சம்பளத்துக்கு எட்டு வருஷம் காத்திருந்தது மூணு வருஷமா குறைஞ்சுது. பழைய மாதிரி பென்ஷன் மட்டும் கிடைக்கல, அதனாலயோ என்னமோ ஜி.எம்.ல ஒப்பந்தம் 55 சதவீத ஓட்டுலதான் பாஸ் ஆச்சு.

இதே இலையுதிர் காலத்துலதான் ஃபுட்பால். லயன்ஸ் டீமோட ஓனர் ஃபோர்டு குடும்பம், ஸ்டேடியம் பேரே ஃபோர்டு ஃபீல்டு. வெய்ன் பிளான்ட் வாசல்ல ஃபோர்டை எதுத்து பலகை பிடிச்சவங்க ஞாயித்துக்கிழமை அதே குடும்பத்தோட டீமுக்குத்தான் தொண்டை கிழிய கத்தினாங்க, இந்த ஊரைப் புரிஞ்சுக்க இது ஒண்ணு போதும். சீசன் முதல் மேட்ச்லயே சாம்பியன் கன்சாஸ் சிட்டியை அவங்க கிரவுண்டுலயே 21-20ல ஜெயிச்சாங்க, டிசம்பர் 24ல டிவிஷன் டைட்டில், 1993க்கு அப்புறம் முதல் தடவை.

அக்டோபர் கடைசிலேருந்து அதே டிசம்பர் வரைக்கும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் பாஸ்கெட்பால் டீம் தொடர்ச்சியா 28 மேட்ச் தோத்துச்சு, அதைப் பத்தி பேச மனசு வரல. மிச்சிகன் யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் வோல்வரின்ஸ் கதை வேற. எதிர் டீமோட சைகையைத் திருடினாங்கன்னு விசாரணை, கோச் ஜிம் ஹார்பா ரெகுலர் சீசன் கடைசி மூணு மேட்ச் சஸ்பெண்ட், அப்பவும் அவருக்குக் கீழ இருந்த கோச் ஷெரோன் மூர் டீமை நடத்தி ஓஹையோ ஸ்டேட்டை 30-24ல அடிச்சாங்க. ஜனவரி 8 வாஷிங்டனை 34-13ல ஜெயிச்சு நேஷனல் சாம்பியன். தப்பு நடந்திருக்குன்னுதான் நான் நெனைக்கறேன், ஆனா விசாரணை வெளிய வந்தப்புறமும் அந்தப் பசங்க ஒரு மேட்ச் கூட தோக்கலயே.

ஒரே வாரம் கழிச்சு ஃபோர்டு ஃபீல்டுல லயன்ஸுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் கூட பிளேஆஃப், அதாவது தோத்தா வெளிய போகற மேட்ச். பன்னெண்டு வருஷம் டெட்ராய்ட்டுக்கு குவாட்டர்பேக்கா ஆடின ஸ்டாஃபோர்ட் எதிர் டீம்ல, அவருக்குப் பதிலா ராம்ஸ் தள்ளிவிட்ட ஜாரெட் காஃப் நம்ம டீம்ல. 24-23. 1992 ஜனவரிக்கு அப்புறம் முதல் பிளேஆஃப் வெற்றி, ஸ்டேடியம் முழுக்க காஃப் பேரைச் சொல்லி கத்தினாங்க, பெரியவங்க கண்ணெல்லாம் கலங்கி நின்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு சான் ஃபிரான்சிஸ்கோல 24-7னு முன்னாடி இருந்து 34-31ல தோத்ததுக்கு லயன்ஸ் கோச் டேன் கேம்ப்பல் நாலாவது டவுன்ல, அதாவது பந்தை முன்னாடி கொண்டு போற கடைசி வாய்ப்புல, ரிஸ்க் எடுத்தது தப்புன்னு இன்னிக்கும் சண்டை போடறாங்க. நான் கேம்ப்பல் பக்கம்தான். அந்த தைரியம் இல்லாம அந்த டீம் அங்க வரைக்கும் வந்திருக்கவே வந்திருக்காது.