பைபாஸா, பலூனா? எதை எண்ணினார்கள், யாரைச் சேர்த்தார்கள்

சர்க்கரை நோயாளிக்குக் கால் விரல் கருத்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோதான் கூட்டிப்போகிறோம். அங்கே ரத்தக்குழாய் டாக்டர் இரண்டு வழி சொல்வார். காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலேயும் கீழேயும் தமனியில் தைத்து, ரத்தத்தைச் சுற்றுவழியில் விடுவது பைபாஸ். தொடை மடிப்பில் ஊசி குத்தி, உள்ளே மெல்லிய கம்பியை விட்டு, அடைப்பைப் பலூனால் விரித்துவிடுவது மற்றொன்று. தேவைப்பட்டால் ஸ்டென்டும் வைப்பார்கள். அன்று ராத்திரியே சிங்கப்பூரிலிருந்து மகன் போன் போட்டுவிடுவான். "எது நல்லது அப்பச்சி? ஆராய்ச்சியில என்ன சொல்லியிருக்காக?"

ஆராய்ச்சியில் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் சிக்கல்.

2022 நவம்பரில் பெஸ்ட்-சிஎல்ஐ என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. 1,830 நோயாளிகள், 150 இடங்கள், பெரும்பாலும் வட அமெரிக்கா. காலில் நல்ல சிரை இருந்த 1,434 பேரைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பைபாஸ் செய்தவர்களில் 42.6 சதவீதம் பேருக்குக் கெட்ட முடிவு. பலூன் பக்கம் 57.4 சதவீதம். பைபாஸ் ஜெயித்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2023-இல் பாசில்-2 வந்தது. பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க்கில் 345 பேர்; எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளில் அடைப்பு. இங்கே பைபாஸ் பக்கம் 63 சதவீதம், பலூன் பக்கம் 53 சதவீதம் கெட்ட முடிவு. பலூன் ஜெயித்தது.

இரண்டுமே ஒழுங்காக நடந்த ஆய்வுகள். 'கெட்ட முடிவு' என்று எதை எண்ணினார்கள் என்று பார்த்தால் பாதி முடிச்சு அவிழும். பெஸ்ட்-சிஎல்ஐ மூன்றை எண்ணியது: சாவு, கணுக்காலுக்கு மேலே காலை எடுப்பது, அதே காலில் பெரிய மறுசிகிச்சை. பாசில்-2 முதல் இரண்டை மட்டும் எண்ணியது. பெஸ்ட்-சிஎல்ஐயில் பெரிய இடைவெளி மூன்றாவதில்தான் இருந்தது: பலூன் பக்கம் 23.5, பைபாஸ் பக்கம் 9.2 சதவீதம். அதிலும் ஒரு நுணுக்கம். பலூன் தோற்றுப் பைபாஸ் செய்தால் அது 'பெரிய' மறுசிகிச்சை. பைபாஸ் குழாய் சுருங்கிப் பலூன் போட்டுச் சரிசெய்தால் அது 'சிறியது', கணக்கில் வராது. தராசு கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை. அதற்காக முழுவதையும் தள்ளிவிடவும் முடியாது. கால் எடுப்பதிலேயே 14.9-க்கு 10.4 என்று பைபாஸ் முந்தியிருக்கிறது.

பாசில்-2இல் கால் எடுப்பதில் பெரிய வித்தியாசமே இல்லை: பைபாஸ் பக்கம் 20 சதவீதம், பலூன் பக்கம் 18. முடிவை மாற்றியது சாவு: பைபாஸ் பக்கம் 53 சதவீதம், பலூன் பக்கம் 45. இரண்டு ஆய்விலிருந்தும் குடும்பத்தார் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. எந்தச் சிகிச்சை செய்தாலும் சில வருடத்துக்குள் இறப்பவர்கள் நிறையப் பேர். காலில் இவ்வளவு அடைப்பு இருக்கிறவருக்கு இதயத்திலும் கழுத்திலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சாவையும் கால் போவதையும் எண்ணுவது ஆய்வுக்கு வசதி. தகராறு வராது, யார் எண்ணினாலும் அதே எண்தான். ஆனால் பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ ஒரு பழைய வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சிக்கு முடிவு வேறு. தெருவிலிருந்து படி ஏறணும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின்னால் இருக்கிறது குளிக்கிற இடம். ஒவ்வொரு நிலையிலும் ஒரு படி. ஆறு மாதம் கழித்து அவர் அங்கே தானாகப் போய்வருகிறாரா? கால் இருந்தும் போகமுடியாதவர் உண்டு. முழங்காலுக்குக் கீழே எடுத்து, செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு போய்வருகிறவரும் உண்டு. முழங்கால் மூட்டு மிஞ்சுகிறதா என்பதில்தான் வித்தியாசம். மூட்டுக்கு மேலே எடுத்துவிட்டால் அதே தூரத்தை நடக்க உடம்பு செலவழிக்கிற சக்தி ரொம்பக் கூடிவிடும், வயதானவர்களில் பலர் சக்கர நாற்காலியோடு நின்றுவிடுவார்கள். மாறாக, ஏற்கெனவே படுத்த படுக்கையாக, முழங்கால் மடங்கி இறுகிப்போனவருக்குப் பைபாஸ் செய்து காலைக் காப்பாற்றினாலும் அவர் நடக்கப்போவதில்லை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுப்பதும் தப்பு. வெட்டியபின் மிஞ்சுகிற மடங்கிய கால் மெத்தையில் அழுந்தி அதுவே புண்ணாகும். கால் போனால் தோல்வி என்று எண்ணுகிற ஆய்வு இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டாது.

அடுத்தது, யாரைச் சேர்த்தார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்ச் சேர்ந்தவர்களை அடிவாரத்தில் நிறுத்தி, மூட்டுவலி எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். குறைவாகத்தான் இருக்கும். நடந்தால் மூட்டுவலி போகும் என்று அதை வைத்து எழுத முடியுமா? மூட்டுவலிக்காரர் பாதி வழியிலேயே பஸ் ஏறிவிட்டார். ஒரு ஆஸ்பத்திரி தன் பைபாஸ் நோயாளிகளை மட்டும் எண்ணிப் பெருமை பேசினாலும் இதே கதைதான். இதயம் பலமாக இருந்தவரைப் பைபாஸுக்கு அனுப்பியிருப்பார்கள், பலவீனமானவரைப் பலூனுக்கு. அப்புறம் பலூன்காரர்கள் சீக்கிரம் இறந்தால் பலூனைக் குறை சொல்வது எப்படி நியாயம்?

சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிற ஆய்வில் இந்தக் கோளாறு இல்லை. ஆனால் குலுக்கலுக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. பெஸ்ட்-சிஎல்ஐயில் இரண்டு வருடமாவது இருப்பார் என்று தோன்றியவரைத்தான் சேர்த்தார்கள். பைபாஸைத் தாங்கமாட்டார் என்று சர்ஜன் நினைத்தவர் வெளியே. பாசில்-2இல் ஆறு மாதம் போதும். பெஸ்ட்-சிஎல்ஐயில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஆண்கள். ஆக அந்த 42.6-ஐ எண்பது வயது ஆச்சிக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது.

வாசலில் நிற்கிறவரை எடைபோட ஒரு பழைய கணக்கு உண்டு, விரல் விட்டு எண்ணலாம். சிரை பைபாஸ் செய்துகொண்ட 1,404 பேரைத் தொடர்ந்த ப்ரிவென்ட்-3 ஆய்விலிருந்து பிறந்தது. டயாலிசிஸ் என்றால் 4 புள்ளி. புண்ணோ அழுகலோ இருந்தால் 3. வயது 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2. ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2. முற்றிய இதய அடைப்புக்கு 1. மூன்று வரை குறைந்த ஆபத்து, எட்டும் அதற்கு மேலும் அதிக ஆபத்து. 76 வயது, டயாலிசிஸ், கட்டைவிரல் புண் என்று ஒரு ஆச்சியை வைத்துக்கொள்வோம்: 4, 3, 2, மொத்தம் 9. ஹெமட்டோகிரிட் 28 என்றால் 11. இந்தக் கூட்டத்தில் ஒரு வருடம் கழித்துக் காலோடு உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 45 பேர். 62 வயது, புண் மட்டும், வேறொன்றும் இல்லை என்றால் 3. அங்கே 86 பேர்.

இந்த எண்ணைப் பார்த்து 'ஆச்சிக்கு ஒன்றும் செய்யவேண்டாம்' என்று முடிவு கட்டுவதுதான் பலர் செய்கிற தவறு. ஆபத்து அதிகம் என்பது வேறு, பயனில்லை என்பது வேறு. பைபாஸ் செய்யாமல் விட்டிருந்தால் நூற்றுக்கு எத்தனை பேர் என்று இந்தக் கணக்கில் இல்லை. அதில் இருந்த எல்லோருமே பைபாஸ் செய்துகொண்டவர்கள். பெரிய ஆபரேஷனைத் தாங்காதவரை ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நேராகச் சோதித்த ஆய்வு ரத்தக்குழாய்த் துறையில் அபூர்வம். ஒன்று ஈவார்-2, 2005. வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் உள்ள, பெரிய ஆபரேஷனைத் தாங்காத 338 பேர். பாதிப் பேருக்குத் தொடை வழியாக உறைக்குழாய் (வீக்கத்துக்கு உள்ளே வைக்கிற, துணி உறை போட்ட ஸ்டென்ட்), பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. உறைக்குழாய் வைத்ததில் 9 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள், ஆயுள் கூடவில்லை. வீக்கம் வெடித்துச் சாகாமல் தப்பித்தவரை இதயமும் நுரையீரலும் கொண்டுபோயின. அதிலும் ஒரு குறை உண்டு: குலுக்கலுக்குப் பிறகு சிகிச்சைக்குக் காத்திருந்தபோதே வெடித்து இறந்தவர்களும் சிகிச்சைப் பக்கக் கணக்கில் சேர்ந்தார்கள்.

காலுக்கு வருவோம். மேலே சொன்ன எல்லாமே 'ரத்த ஓட்டம் உண்மையிலேயே குறைவு' என்று உறுதியான பிறகுதான். அந்த உறுதியே பல இடத்தில் தப்பாகப் போகிறது. பத்து நிமிடம் படுக்கவைத்து, இரண்டு கையிலும் டாப்ளர் பேனாவால் (ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கவைக்கும் கருவி) ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை எடுக்கணும். பிறகு கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டை சுற்றி, பாதத்தின் மேலும் உள் கணுவுக்குப் பின்னாலும் கேட்டு, இரண்டில் கூடியதை எடுத்து, கையின் கூடிய அளவால் வகுக்கணும். கை 150, கணுக்கால் 90 என்றால் 0.6. 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. சர்க்கரை நோயாளியிடம் இதே கருவி ஏமாற்றும். தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் கல்லாகியிருக்கும், பட்டை அழுத்தினாலும் மூடாது. கணுக்கால் 220, கை 150, விகிதம் 1.47. 'ஓட்டம் நன்றாக இருக்கிறது' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 1.4-க்கு மேலே வந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அப்போது பெருவிரலில் சின்னப் பட்டை மாட்டி அளக்க வேண்டும். விரலில் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறாது. விரல் அழுத்தம் 60-க்கு மேல் என்றால் பயமில்லை, 30-க்குக் கீழ் என்றால் ரத்தம் கொண்டுபோகாமல் புண் ஆறுவது கஷ்டம்.

புண்ணின் ஆழம், ரத்த ஓட்டம், சீழ் மூன்றையும் 0 முதல் 3 வரை மதிப்பிட்டுச் சேர்ப்பதற்கு 2014-இல் அமெரிக்க ரத்தக்குழாய் சர்ஜன்கள் சங்கம் ஒரு முறை கொடுத்தது. 'வைஃபை' என்று உச்சரிக்கிறார்கள், இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேஸ் ஷீட்டில் இந்த மூன்று எண்ணும் எழுதப்படாமல் 'டயபெடிக் ஃபுட்' என்று மட்டும் இருந்தால், யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது.

இதில் அடிக்கடி நடக்கிற விபத்து, ஓட்டத்தை அளக்காமல் விரலை வெட்டுவது. முழுசான தோல் உயிரோடிருக்கக் கொஞ்ச ரத்தம் போதும். வெட்டிய இடம் ஆற அதைவிடக் கூடுதலாக வேண்டும். அதனால் வெட்டிய ஓரம் கருக்கும், அடுத்த விரல், பிறகு பாதி பாதம் என்று மேலே ஏறும். காய்ந்து கருத்த விரல் அவசரமில்லை. ஈரம் படாமல் வைத்து, முதலில் ஓட்டத்தைச் சரிசெய்யலாம். சீழ் கோத்து, பாதம் வீங்கி, காய்ச்சல் இருந்தால் மட்டும் வரிசை தலைகீழ்: அன்றே கீறிச் சீழை வெளியேற்றணும், ஆஞ்சியோ மறுநாள்.

நாற்பது வயதுக்குள் பீடி, சிகரெட் பிடிக்கிறவருக்கு விரல் கருத்தால் அது பெரும்பாலும் வேறு நோய், பர்ஜர். மேலே சொன்ன ஆய்வுகளில் பார்த்தது கொழுப்புப் படிந்த அடைப்பு. பர்ஜரில் கடைசிச் சின்னக் குழாய்களே மூடிக்கொள்வதால் பைபாஸைக் கொண்டுபோய் இணைக்க இடமே கிடைக்காது. புகையை அடியோடு விடுவதுதான் சிகிச்சை. ஒன்றிரண்டு பிடித்தாலும் திரும்ப வரும்.

கடைசியாகச் சிரை. பெஸ்ட்-சிஎல்ஐயில் நல்ல சிரை இல்லாத 396 பேரைத் தனியாகப் பார்த்தபோது பைபாஸுக்கும் பலூனுக்கும் சொல்லும்படியான வித்தியாசமில்லை, 42.8-க்கு 47.7. பைபாஸின் வெற்றி சிரையின் வெற்றிதான். தொடை மடிப்பிலிருந்து கணுக்கால் வரை ஸ்கேனில் பார்த்து, ஒரே நீளமாக, 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்வார்கள். ஏசி குளிரில் படுக்கவைத்துப் பார்த்தால் சிரை சுருங்கி, இருப்பதும் இல்லாததுபோல் தெரியும். காலைத் தொங்கவிட்டு, கதகதப்பாக வைத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். இதய பைபாஸுக்கு அந்தச் சிரையை ஏற்கெனவே எடுத்திருந்தாலோ, வெரிகோஸுக்கு லேசர் செய்திருந்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடணும். டயாலிசிஸ்காரரின் கைச் சிரையை மாற்றாக எடுப்பதற்கு முன் பலமுறை யோசிப்பார்கள், நாளைக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) போட இடம் வேண்டுமே.

சேர்த்த அன்றைக்கே கையில் சிரை கிடைக்கவில்லை என்று உள் கணுக்காலில் டிரிப் ஊசி ஏற்றிவிடுவது வார்டில் சாதாரணம். சரியாக அந்த இடத்தில்தான் பைபாஸுக்கு வேண்டிய நீளச் சிரை ஓடுகிறது. மூன்று நாள் டிரிப்பில் அது வீங்கி உறைந்துவிடலாம். 'இரண்டு காலிலும் ஊசி போடவேண்டாம்' என்று ஃபைல் அட்டையில் பெரிதாக எழுதி, சிஸ்டரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.