பூரி ஜகந்நாதனின் நிர்மால்யம்

அம்மாவின் வேண்டுதல் ஒன்று ரொம்ப வருஷமாகப் பாக்கி நின்றது. அப்பா விசாகப்பட்டினத்தில் வேலை பார்த்த காலம். அவருடைய இதய ஆபரேஷனுக்கு முந்தின நாள், பக்கத்து வீட்டு ஒடியா மாவுசி (மாவுசி என்றால் அங்கே சித்தி முறை) ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். சின்னச் சிவப்புத் துணிப்பை ஒன்றைப் பிரித்து, காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்றை அப்பா வாயில் போட்டார். "நிர்மால்யா" என்றார்.

அம்மாவுக்குத் திக்கென்றது. நம் பக்கம் நிர்மால்யம் என்றால் சுவாமிக்குச் சாற்றிக் களைந்த பூமாலை. சிவன் கோயிலில் அது சண்டிகேசுவரருக்கு உரியது. அதைப் போய்ச் சாப்பிடுவதா? ஆனால் அப்பா நல்லபடியாக எழுந்து வந்தார், பேரப்பிள்ளைகளையும் பார்த்தார். பூரிக்கு வந்து உன் சன்னதியிலேயே வாங்கிச் சாப்பிடுகிறேன் என்று அம்மா அன்றே வேண்டிக்கொண்டாராம். அப்பா காலமான பிறகும் அது தீரவில்லை. இந்தத் தை மாதம்தான் ஜகந்நாதன் எங்களைக் கூப்பிட்டான்.

ஆட்டோவை விட்டு இறங்கியதுமே சூழ்ந்துகொண்டார்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான்தான் பண்டா (யாத்திரிகர்களைக் கூட்டிப்போகிற கோயில் பூசாரி), வரிசை வேண்டாம், நேரே கருவறை என்று ஆளுக்கு ஒரு பேரம். கடைசியில் ஒருவரிடம் பணம் கொடுத்தோம், அதற்கு அவர் செய்தது எங்களை வரிசையின் வாலில் கொண்டுபோய் விட்டதுதான். உள்ளேயும் அப்படித்தான். பிரம்பால் தலையைத் தொட்டுத் தட்சிணை கேட்கிறார்கள், தராவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். வயசானவர்களை இப்படி அலைக்கழிப்பது பாவம். நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

கொனாரக்கிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய அருண ஸ்தம்பம் என்ற கல்தூணைத் தாண்டி, சிங்கவாசலுக்குள் 22 படிகள். பாயிசி பஹாச்சா என்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படியையும் கையால் தொட்டு நெற்றியில் வைத்து, கொஞ்சம் நின்று, அப்புறம் அடுத்த படி என்று ஏறினார்.

உள்ளே கூட்டம் அலைமோதியது. அம்மா குள்ளம், முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரிந்தது. முக்காடு போட்ட கிராமத்து அம்மாள் ஒருவர், யாரோ எவரோ, இரண்டு முழங்கையாலும் கூட்டத்தை விலக்கி அம்மாவை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தினார். பலபத்திரர், சுபத்திரை, அந்தப் பக்கம் கரிய திருமுகம். மரத்தில் எழுந்தருளியிருக்கும் அவனுக்கு இமையே இல்லை. வட்டமான பெரிய கண், உள்ளே வந்த ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே இருக்கிற கண். அம்மா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்த சுலோகம் ஒன்றும் வாயில் வரவில்லை. "அவரை நல்லபடியா வச்சிருந்தியேப்பா" என்று மட்டும் சொன்னார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். அதற்குள் தள்ளிவிட்டார்கள். எனக்கும் கண் மறைத்துவிட்டது, அதற்கு மேல் சரியாகப் பார்க்கவில்லை.

கோயிலுக்குள்ளேயே பிரசாதம் விற்கிற ஆனந்த பஜாருக்கு வந்தோம். விறகடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக மண்பானைகளை அடுக்கிச் சமைத்தது, ஜகந்நாதனுக்கு ஆகி, அங்கேயே சன்னதி கொண்ட விமலா தேவிக்கும் நிவேதனமான பிறகுதான் மகாபிரசாதம். சோறு, டால்மா (காய்கறி போட்ட பருப்பு), இனிப்பாக ஒரு பச்சடி. தக்காளியும் உருளைக்கிழங்கும் அந்த மடப்பள்ளிக்குள் போவதில்லை, ஆனாலும் அப்படி ஒரு ருசி! ஜாதி, எச்சில் என்ற பேச்சே அங்கே இல்லை. ஒரே பானையிலிருந்து எங்களோடு முன்பின் தெரியாதவர்களும் எடுத்துச் சாப்பிட்டார்கள். வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்கிக் குடிக்கிற அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தச் சோற்றை வெயிலில் காயவைத்ததுதான் நிர்மால்யம். கைவல்யம் என்றும் சொல்கிறார்கள். வாங்கும்போது சேவகர் ஒருவர் இந்தியில் விளக்கினார்: இது இல்லாத ஒடியா வீடு இல்லை, உயிர் பிரியும்போது ஒரு பருக்கையும் துளசியும் வாயில் போட்டுத்தான் அனுப்புவோம். மாவுசி அன்று அப்பாவுக்குக் கொடுத்தது எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சமஸ்கிருதத்தில் அந்தச் சொல்லுக்குக் களைந்த மாலை, படைத்ததில் மிச்சம் என்றும் பொருள், மாசற்றது என்றும் பொருள். குருவாயூரில் விடியற்காலை 3 மணிக்கு நிர்மால்ய தரிசனத்துக்காக ராத்திரியிலிருந்தே காத்திருக்கிறார்கள். முந்தின நாள் அலங்காரத்தோடு அவனைப் பார்க்க அவ்வளவு தவிப்பு. மராத்தியில் பூஜை முடிந்து கழித்த பூவெல்லாம் நிர்மால்யம், அதைக்கூடக் குப்பையில் போட மனசில்லாமல் பிள்ளையார் கரைக்கிற இடத்தில் நிர்மால்ய கலசம் என்று தனியாக வைக்கிறார்கள். ஒடியாவில் மட்டும் அது சோறாகிவிட்டது. நம் பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் உடுத்துக் களைந்த பீதகவாடை, கலத்தது உண்டு, சூடிக் களைந்தன சூடும் தொண்டர்கள் என்று எல்லாவற்றையும் ஒரே பாட்டில் பாடிவிட்டாரே! தினமும் சேவிக்கிற பாசுரம். அதன் முழு அர்த்தத்தையும் ஆனந்த பஜாரின் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

போகிறவர்கள் ஆனந்த பஜாருக்காக அவசியம் நேரம் ஒதுக்குங்கள். மத்தியான போகம் (நிவேதனம்) முடிந்து சோறு வரத் தாமதமாகலாம், பரவாயில்லை, காத்திருங்கள். செல்போனும் தோல் பையும் உள்ளே விடமாட்டார்கள். நிர்மால்யப் பையை நாலைந்தாக வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தத்தில் யாராவது கேட்பார்கள். விசாகப்பட்டினத்து மாவுசி இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. எங்கிருந்தாலும் அவரும் அவர் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். ஜெய் ஜகந்நாத்!