ஏரிக்கரை வீட்டை விற்கிறீர்களா? செப்டிக் டேங்கிலிருந்து தொடங்குங்கள்

காப்புக்காட்டை ஒட்டிய ஏரி வீட்டைப் பார்க்க வருகிறவர் தண்ணீரைப் பார்த்தே மயங்கிவிடுவார். பேரம் முறிவது மண்ணுக்கடியில். பொதுச் சாக்கடை எட்டாத இடம் என்பதால் கழிவுநீர் முழுவதும் டேங்குக்கும், அதிலிருந்து வெளியேறும் நீரை மண் குடிக்கும் உறிஞ்சு நிலத்துக்கும்தான் போகிறது. அது பழுதென்றால் ஏரியும் கெடும்.

சோதனைக்கு ஆள் வருமுன் டேங்கைக் காலி செய்யாதீர்கள். பலரும் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு இது. நீர்மட்டம் வெளியேறும் குழாயின் அடிமட்டத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் டேங்க் கசிகிறது. மேலே ஏறியிருந்தால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது நிலம் நீரை வாங்கவில்லை. காலி டேங்கில் இந்த மட்டம் தெரியாது. மட்டம் பார்த்தபின் கழிவை எடுத்து, சுவர் விரிசலையும், கசடு வெளியேறாமல் குழாய் வாயில் நிற்கும் தடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடென்றால் இன்னொரு சிக்கல்: காய்ந்த நிலம் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும், பழுது மறைந்துகொள்ளும். சில நாள் ஆள் புழங்கியபின் சோதிப்பதே நேர்மை.

கிணற்று நீருக்குக் கோலிஃபார்ம் சோதனை வேண்டும்; கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா அது. குழாய் நுனியிலுள்ள சல்லடையைக் கழற்றி, சில நிமிடம் நீரை ஓடவிட்டு, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில் பிடியுங்கள். வாய்ப்பக்கம் விரல் படக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கிணற்றில் குளோரின் போட்ட கையோடு எடுத்த நீரின் அறிக்கையை நம்ப முடியாது.

அடுத்தது எல்லை. இன்று தண்ணீர் நிற்கும் இடத்தை எல்லை என்று காட்டிவிடாதீர்கள்; ஏரி ஏறும், இறங்கும். கட்டடத்துக்கான இடைவெளியைப் பெரும்பாலும் வழக்கமான உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்துதான் அளப்பார்கள். பாறையில் படிந்த கறையும், நிலத்துச் செடிகள் தொடங்கும் இடமும் அதற்கு அடையாளம். சர்வேயரை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். படகுத்துறை, கரைப்படி, மரத்தளம் ஒவ்வொன்றுக்கும் அனுமதித் தாள் இருக்கிறதா, அது வாங்குபவர் பெயருக்கு மாறுமா என்று கேட்டு வையுங்கள். வீட்டுக்கு வரும் பாதை பிறர் நிலத்திலோ வனத்துறை நிலத்திலோ போனால் எழுத்தில் வழியுரிமை வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

காட்சி திறக்கும் என்று கரை மரங்களை வெட்டவே கூடாது. பல இடங்களில் குற்றம். வேர் போனால் கரையும் சரியும். வெட்டும் கை வீட்டுப் பக்கம் திரும்பட்டும்: சுவரிலிருந்து 1.5 மீட்டருக்குள் விறகு, சருகு, புதர் எதுவும் வேண்டாம். காற்றுத் துவாரங்களுக்கு 3 மில்லிமீட்டர் உலோக வலை போடுங்கள். பறந்து வரும் தீப்பொறி இந்த வழிகளில்தான் வீட்டைப் பிடிக்கும். காட்டுத்தீக் காப்பீடு கிடைக்காமல் வாங்குபவரின் கடன் நின்றுபோவதும் உண்டு; இப்போதுள்ள காப்பீட்டுத் தாளை எடுத்து வையுங்கள்.

மோட்டார் படகுக்குத் தடையுள்ள ஏரி என்றால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அமைதி தேடுபவர் அதற்காகவே வருவார். ஆனால் “பக்கத்தில் என்றைக்கும் கட்டடம் வராது” என்று வாக்குக் கொடுக்குமுன் வரைபடத்தைப் பாருங்கள். காப்பு எல்லைக்குள்ளேயே தனியார் நிலத்துண்டுகள் இருப்பதுண்டு.