கூரை எங்கே, சித்தப்பா?

2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி நண்பன் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். சிவப்பு நிறத்தில் கூரை இல்லாத ஒரு கார். பின்னால் தென்னை, முன்னால் ஒரு கோழி. கீழே "சித்தப்பா ஸ்போர்ட்ஸ் காரை விக்கறாராம், வேணுமா?" என்று எழுதியிருந்தான்.

எனக்கு வேலந்தாவளத்தில் உரக்கடை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடையில் பேரம் எல்லாம் தமிழில் நடக்கும், ரசீது மட்டும் மலையாளம். பழைய வண்டி என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கிறுக்கு என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் படம் முதலில் எனக்கு வந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்து விற்றது. உருவத்தை வரைந்தவர் மிகெலோட்டி என்ற இத்தாலிக்காரர். இதே சேஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, அதே ஆளை வரையச் சொல்லித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரை ட்ரயம்ஃப் கொண்டுவந்தது. ஆகவே சித்தப்பா சொன்னது முழுப் பொய் இல்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு இது பெரியப்பா முறை.

ஒன்று மட்டும் உறுத்தியது. நான் பார்த்த ஹெரால்டு எல்லாவற்றுக்கும் கூரை இருந்தது.

முதல் ஞாயிறு நான் தனியாகப் போனேன். அது தப்பு. கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி உள்ளே போனால் சித்தப்பாவின் தோப்பு. நான் போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்து பானட்டைத் தூக்கினார். ஹெரால்டில் பானட் என்பது மூடி மட்டும் இல்லை, மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மூக்கே மொத்தமாக முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின் அம்மணமாக நிற்கும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்து கார்ப்புரேட்டரைக் கழற்றலாம். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்காமல் கொம்புக்கு அடித்த பெயிண்டைப் பார்த்து நின்றவன் கதைதான். விலை நாலரை லட்சம் என்றார். "யோசிச்சுச் சொல்றேன் சித்தப்பா" என்று வாய் சொன்னது. மனசு அப்போதே பணத்தை எண்ணிக்கொண்டிருந்தது.

நல்லவேளை, பொள்ளாச்சி மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். அறுபதைத் தாண்டியவர், ஹெல்பர் பையனாக இருந்த காலத்திலேயே ஹெரால்டில் கை வைத்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை போலாம். நாம போறதுக்கு முன்னால வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிரு" என்றார். சூடான எஞ்சின் எதையும் காட்டிக் கொடுக்காது, ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்ததைக் காலையில் எழுப்பினால்தான் உண்மை பேசும் என்பது அவர் கணக்கு.

இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே நின்றோம். அவர் பையில் இருந்தவை ஒரு டார்ச், ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், மடித்த ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். பேனர் ஏதோ ஒரு பெண்ணின் சீர் விழாவுக்கு அடித்தது. அந்தப் பெண்ணின் முகத்தைத் தரைப் பக்கம் திருப்பி விரித்துவிட்டு மேலே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். பானட்டைத் திறக்கவே இல்லை.

"எஞ்சின் காசு கொடுத்தாச் சரியாயிரும் கண்ணு. சேஸை முதல்ல பாக்கலாம்."

எங்கள் பக்கம் காய்ந்த பூமி, துரு அதிகம் பிடிக்காது என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் இந்த வண்டி நின்றது மண் தரையில், ஓலைக் கொட்டகையில், பக்கத்திலேயே மாடு கட்டும் கட்டுத்தரை. ஈரம் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து ஏறியிருக்கிறது. ஹெரால்டுக்கு சேஸ் தனி, பாடி தனி. நடுச்சட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் இரும்புக் கைகள் நீண்டிருக்கும், அவற்றின் மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கும். அந்தக் கைகளை ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங், ணங் என்று வந்த சத்தம் இடது பின்பக்கம் போனதும் 'பொத்' என்றது. அவர் அழுத்தக்கூட இல்லை. ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய் நின்றுகொண்டது. இழுத்தபோது அப்பளத்தை நொறுக்கியது போல் துரு அவர் நெஞ்சில் கொட்டியது. மேலே பளபளவென்று கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தார்கள். என்னை மாதிரி ஆள் குனிந்து பார்த்தால் அந்தப் பளபளப்பைத்தான் பார்ப்பான். பார்த்தேனே!

வெளியே வந்து காந்தத்தைக் கர்ச்சீப்பில் சுற்றி பாடி மேல் நகர்த்தினார். கதவில் ஒட்டியது. கதவுக்குக் கீழே ஒரு சாண் தூரத்துக்கு ஒட்டவே இல்லை, நழுவி விழுந்தது. அங்கே தகடு இல்லை, பூசிய பட்டிதான். அது பரவாயில்லை என்றார். ஹெரால்டில் அந்தப் பகுதி போல்ட் போட்டுக் கழற்றுகிற தகடு, வேறு செய்து மாட்டலாம். ஸ்பிட்ஃபயர் என்றால் அந்த இடம்தான் வண்டியைத் தாங்கும், அங்கே பட்டி இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டுமாம்.

அப்புறம் முன் சக்கரம். நான் கேள்விப்பட்டே இராத விஷயம் இது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கிறது, அது ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ட்ரனியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரைதான் சுழலும். அதற்குள் கெட்டியான 90 கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது அடிமரை வரை போகாது, தண்ணீர் புகுந்து இரும்புத் தண்டு உள்ளேயே அரித்துவிடும். பிறகு ஒருநாள் வளைவில் திரும்பும்போது படக்கென்று ஒடிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். அண்ணன் விரலால் வழித்துக் காட்டியது மஞ்சள் கிரீஸ்.

"ஆயில் விடறதுண்டுங்களா?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"கிரீஸ் மாசாமாசம் அடிச்சர்றேனுங்க" என்றார் சித்தப்பா, பெருமையாக.

ஒரு வார்த்தை பேசாமல் அண்ணன் என் நோட்டில் 'ரெண்டு பக்கமும் புதுசு' என்று எழுதச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பானட் திறந்தது. என்னை உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, எஞ்சின் முன்னாலிருக்கும் புல்லியின் மேல் விரல் வைத்துக்கொண்டார். மிதி, விடு, மிதி, விடு. "எறங்கி வந்து நீயே பாரு" என்றார். சித்தப்பா மிதிக்க, புல்லி ஒவ்வொரு மிதிக்கும் கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் நகர்ந்து வந்தது. கிராங்க் என்பது எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு, அது முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்து வைக்க அரைநிலா வடிவில் இரண்டு வாஷர் உண்டு. தேய்ந்துவிட்டால் ஒருநாள் நழுவிக் கீழே ஆயிலில் விழுந்துவிடும், அப்புறம் கிராங்க் பிளாக்கையே தின்ன ஆரம்பிக்கும். இதில் இன்னும் விழவில்லை. ஆனால் விழுகிற நேரம்தான்.

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தோம். மூன்று சிலிண்டர் 120ஐ ஒட்டி, நாலாவது மட்டும் 95. ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்ததும் அதுவும் 115க்கு ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாமல் நின்றால் வால்வு. 948 சிசி சின்ன எஞ்சின்தான், பயப்பட வேண்டாம் என்றார்.

இதெல்லாம் முடிந்து அவர் கைகளைத் துடைத்தபடி கேட்டார்: "கூரை எங்கீங்க?"

சித்தப்பா சிரித்தார். 1994இல் தங்கச்சி கல்யாணத்துக்குக் கழற்றினதாம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் ஒரே அடம். ஹெரால்டில் கூரையும் பின் கண்ணாடியும் சேர்ந்து ஒரே துண்டு, போல்ட்டைக் கழற்றினால் தனியே தூக்கிவிடலாம். ஊர்வலம் முடிந்தது, தங்கச்சி திருப்பூர் போனாள், கூரை திரும்ப ஏறவில்லை. முப்பது வருஷமாக அதுவே ஸ்போர்ட்ஸ் கார்.

கட்டுத்தரையின் மூலையில் அது கிடந்தது, தொட்டில் மாதிரி மல்லாக்க. உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் ஒரு செவலைக் கோழி. படத்தில் இருந்த அதே கோழி என்று நினைக்கிறேன், அதன் முகஜாடை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அண்ணன் முழங்காலிட்டு, கோழியின் வாலுக்குப் பின்னால் கை விட்டுத் தடவிப் பார்த்தார். பின் கண்ணாடி முழுசாக இருந்தது. அன்று முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு. அந்தக் கண்ணாடி உடைந்திருந்தால் இன்னொன்றை எங்கே போய்த் தேடுவது?

கூரை வெறும் அழகுக்கு இல்லை என்பதையும் காட்டினார். வண்டியின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கியதும், அதுவரை சுலபமாகத் திறந்து மூடிய வலது கதவு இறுகிக்கொண்டது. கூரை இல்லாமல் பாடி நடுவில் வளைகிறது. இடது பக்கம் சேஸ் கை அரித்துப் போயிருப்பதும் சேர்ந்து உதைக்கிறது.

வாய்க்கால் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஃபர்ஸ்ட் கியரில், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால் கரகரக்கும். அது குறை இல்லை, பிறவிக் குணம். திருப்புவது மட்டும் அதிசயம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும் வண்டி, எருமை மாட்டு வண்டியை விடக் குறுகலான இடத்தில் சுற்றினேன். "வளைவுல வேகமாப் போயி திடீர்னு ஆக்சிலேட்டரை விட்டுராதே" என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார் அண்ணன். பின்னால் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் கட்டுதான், இரண்டு சக்கரமும் தனித்தனியாக மடங்கும். காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்ளே மடிந்து வண்டி சுற்றிவிடுமாம். காற்று முகத்தில் அடித்தது, இரண்டு பக்கமும் பனைமரங்கள். உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிஷம் துருவும் கிராங்கும் எனக்கு ஞாபகமே இல்லை.

காகிதங்களை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தோம். இரும்பை விட இதுதான் மோசம். வண்டி நிற்பது கேரளத்தில், ஆர்சி புக் தமிழ்நாட்டில் 1967இல் போட்டது, மூன்று எழுத்துப் பழைய நம்பர். இரண்டு பக்கமும் பூமி வைத்திருக்கிற குடும்பங்களில் இது சகஜம். புக் இன்னும் நண்பனின் காலமான தாத்தா பேரில். அதாவது முதலில் வாரிசுகள் கையெழுத்துப் போட்டு படிவம் 31இல் சித்தப்பா பேருக்கு மாற வேண்டும். காலாவதியான பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது, 2024இல், பழைய காருக்கு அதற்கே 5,000 ரூபாய், தாமதக் கட்டணம் தனி. கணினிக்கு முந்தைய புக் என்பதால் அரசின் வாகன் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பிறகு படிவம் 28இல் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி, பாலக்காட்டுச் சித்தூரில் வரி கட்டி கேஎல் நம்பர் எடுக்க வேண்டும். சேஸ் நம்பரை நானே பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தேன், புக்கோடு ஒத்துப்போனது. எஞ்சின் நம்பரும் சரி. அதுவும் சரியில்லை என்றால் அங்கேயே எழுந்திருப்பேன்.

புக்கில் பாடி 'சலூன்' என்று இருந்தது. கூரை இல்லாமல் ஆய்வுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019இல் உச்ச நீதிமன்றம், கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. வின்டேஜ் பதிவு என்று ஒரு வழியும் 2021இல் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷம். ஆனால் அதற்கும் அசல் உருவம் வேண்டும், தினசரி ஓட்டவும் கூடாது. எனக்கு ஞாயிறு காலை கடை வரைக்குமாவது ஓட்ட வேண்டும். அதனால் சாதாரண வழியே போதும் என்று முடிவு செய்தேன். எந்த வழியானாலும் கூரை ஏறியாக வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு பேரம். சேஸ் வேலை, ட்ரனியன், வாஷர், ரிங், கூரை மாட்டும் கூலி எல்லாம் எழுதிய நோட்டை அப்படியே சித்தப்பா முன்னால் வைத்தேன். நான் விலை எதுவும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் படித்தார். கிரீஸ் வரியில் நின்று, "மாசாமாசம் அடிச்சனேப்பா" என்றார் மறுபடியும், இந்த முறை குரல் இறங்கி. எனக்கே சங்கடமாக இருந்தது. கடைசியில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு முடிந்தது. 25,000 அட்வான்ஸ், புக் அவர் பேருக்கு வந்து என்ஓசி கையில் கிடைத்த பிறகு மீதி என்று வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். கையெழுத்துக்காகத் திருப்பூர்த் தங்கச்சிக்குப் போன் போட்டபோது, "என் கல்யாண வண்டியா? மறுபடி கூரை போடப் போறாங்களா?" என்று ஒரே சிரிப்பு.

கூரையை மட்டும் அன்றைக்கே டெம்போவில் ஏற்றிப் போய்விடலாம் என்று அண்ணனும் நானும் கட்டுத்தரைக்குப் போனோம். சித்தி குறுக்கே வந்து நின்றார்.

"கோழி அடை படுத்திருக்குது சாமி. மூணு நாள்தான் ஆச்சு. குஞ்சு பொரிச்சப்புறம் வந்து எடுத்துக்குங்க."

இருபத்தொரு நாளில் மூன்று போக இன்னும் பதினெட்டு நாள். வாரிசுச் சான்றிதழுக்கு அதை விட அதிக நாள் ஆகும் என்று சித்தப்பா சொன்னார். டெம்போவைத் திருப்பி அனுப்பினோம்.