பாதி டிஸ்க் காலி, ஆனாலும் இடமில்லை

நான் பார்த்துக்கொள்ளும் வெப்சைட்டில் லாகின் ஆகவில்லை என்று முதல் ஃபோன் வந்தபோது இரவு 11 மணி. எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் போனேன். எர்ரர் லாக்கில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது: டிவைஸில் இடம் மீதமில்லை. சரி, பழைய ஃபைல் நாலை அழித்தால் அரை மணி நேரத்தில் தூங்கப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே, டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தேன். 20 ஜிபி டிஸ்க்கில் 52 சதவீதம்தான் நிறைந்திருந்தது.

அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு யோசித்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல், ஒன்றரை ஜிபிக்கு வீங்கிக் கிடந்த ஆக்சஸ் லாக்கை (யார் வந்து போனார்கள் என்ற பதிவு) ஆர்எம் கட்டளை போட்டு அழித்தேன். மறுபடி டிஎஃப். அதே 52. ஃபைல் போய்விட்டது, இடம் மட்டும் திரும்பவில்லை. டைரக்டரி பெயரை முழுதாக அடிக்கச் சோம்பல்பட்டு மீதியைத் தானே நிரப்பும் டேப் விசையைத் தட்டினால், தற்காலிக ஃபைல் உருவாக்க முடியவில்லை என்று பாஷ் (நான் கட்டளை அடிக்கும் ஷெல்) புலம்பியது. டேப் வேலை செய்யாத ஷெல்லில் நள்ளிரவில் நீளநீளமான பாதைகளை எழுத்துக்கூட்டி அடிப்பது எதிரிக்கும் வேண்டாம்.

வேறு வழியில்லாமல் எங்கள் லினக்ஸ் பயனர் குழுவின் சாட்டில் கேட்டேன். கேட்ட லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன்: "சர்வர் படுத்துடுச்சு, அவசரம், யாராவது உதவுங்க." கூடவே திரையை மொபைலில் எடுத்த ஒரு மங்கலான படம். 20 நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருவர், "ரீபூட் போட்டுப் பாருங்க பாஸ்" என்றார். நானும் கிட்டத்தட்டப் போட்டிருப்பேன். நல்ல வேளையாக, குழுவில் பல வருஷமாக இருக்கும் மூத்தவர் ஒருவர் வந்தார்.

"ரீபூட் எல்லாம் அப்புறம். படம் வேண்டாம் தம்பி, எழுத்தா ஒட்டுங்க. எந்த டிஸ்ட்ரோ, எந்த வெர்ஷன், என்ன அடிச்சீங்க, என்ன வந்துச்சு? இதுவரைக்கும் எதை எதை அழிச்சீங்க?"

கடைசிக் கேள்விதான் சுருக்கென்று குத்தியது. உண்மையைச் சொன்னேன். டெபியன் லினக்ஸ், ஃபைல்சிஸ்டம் எக்ஸ்ட்4, வெப்சைட்டை ஓட்டுவது பிஹெச்பி எஃப்பிஎம், ஆக்சஸ் லாக்கை அழித்தேன், இடம் வரவில்லை. அவர் திட்டவில்லை. வெப் சர்வர் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது, அது கையை விடும்வரை டிஸ்க் இடத்தைத் திருப்பித் தராது என்றார். எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குக் கூட்டல் குறியோடு எல்1 கொடுத்தால், பெயர் அழிந்தும் உயிரோடு இருக்கும் ஃபைல்கள் வரிசையாக வரும். என் லாக் அதில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது. வெப் சர்வரை ரீலோடு செய்ததும் ஒன்றரை ஜிபி திரும்பி வந்தது. நீங்களும் இனிமேல் ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிக்காமல், ட்ரன்கேட் கட்டளை போட்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்துகொள்ளுங்கள். ஆனால் இவ்வளவுக்கும் பிறகு லாகின் வேலை செய்ததா என்றால், இல்லை.

"டிஎஃப்புக்கு ஐ ஆப்ஷன் போட்டு ஒட்டுங்க."

ஒட்டினேன். ஐநோடு என்பது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல்சிஸ்டம் வைத்திருக்கும் ஓர் அட்டை மாதிரி. அது மொத்தம் 13,10,720. பயன்பாடு 100 சதவீதம். மீதி பூஜ்யம். எக்ஸ்ட்4 ஃபார்மட் ஆகும்போதே வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடு என்று எண்ணி வைத்துவிடுகிறது; 20 ஜிபிக்கு வருவது அவ்வளவுதான். இடம் பாதி காலியாகக் கிடந்தாலும் புது ஃபைலுக்கு அட்டை இல்லை. எர்ரர் லாக் மட்டும் தங்குதடையின்றி எழுதிக்கொண்டிருந்ததற்கும் காரணம் புரிந்தது: ஏற்கெனவே இருக்கிற ஃபைலை நீட்டப் புது ஐநோடு வேண்டாமே. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையில் ஐநோடு எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று ஒருவர் இடையில் புகுந்தார். முடியாது, ஃபைல்சிஸ்டத்தையே பெரிதாக்கினால்தான் கூடும் என்று இன்னொருவர் உடனே வெட்டினார். இந்த மாதிரி நேரத்தில் முதலில் வரும் பதிலை நம்பிக் கையை வைக்காதீர்கள், இரண்டாவது ஆள் வாய் திறக்கும்வரை பொறுங்கள்.

டியூ கட்டளையில் ஐநோட்ஸ் ஆப்ஷன் போட்டு ஒவ்வொரு படியாக இறங்கினால், பிஹெச்பி செஷன்களுக்கு (வருகிற ஒவ்வொருவரையும் நினைவில் வைக்கும் சின்ன ஃபைல்கள்) நான் தனியாக ஒதுக்கியிருந்த டைரக்டரியில் வந்து நின்றது. 11 லட்சத்துக்கு மேல் ஃபைல். எல்எஸ் அடித்தேன், கர்சர் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஆர்எம்மில் நட்சத்திரக் குறி போட்டால், ஆர்கியுமெண்ட் பட்டியல் ரொம்ப நீளம் என்று மறுத்தது. ஃபைண்ட் கட்டளைதான் வழி. அதிலும் டெலீட் என்பதை வரியின் கடைசியில்தான் போட வேண்டும். முன்னால் போட்டுவிட்டால் வயது, பெயர் எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் துடைத்துவிடும். மூத்தவர் டெலீட்டுக்குப் பதிலாக முதலில் பிரிண்ட் போட்டு எண்ணிக்கையைக் காட்டச் சொன்னார். காட்டிய பிறகுதான் அனுமதி. ஒரு நாளுக்கு மேல் பழையவை என்று வடிகட்டி ஓடவிட்டேன். ஐநோடு சதவீதம் 99, 97, 94 என்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதியிலேயே லாகின் உயிர்பெற்றது.

அப்புறம்தான், எப்படி இவ்வளவு சேர்ந்தது என்ற விசாரணை. டெபியனில் பிஹெச்பி தன் பழைய செஷன்களைத் தானே கூட்டிப் பெருக்காது. அந்த வேலையைத் தனியாக ஒரு டைமர் செய்கிறது. அந்த டைமர் பிஹெச்பியின் பொது அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலில் சொல்லியிருக்கும் இடத்தைத்தான் பார்க்கும். நான் பாதையை மாற்றியது எஃப்பிஎம்முக்கு மட்டுமான பூல் கான்ஃபிக் ஃபைலில். அதாவது குப்பைத்தொட்டியை மாற்றிவிட்டு, துப்புரவு ஆளிடம் சொல்லவில்லை.

சரி, கொட்டியது யார்? ஆக்சஸ் லாக்கில் பார்க்கலாம் என்று போனேன். அதைத்தான் அழித்தாயிற்றே! ரீலோடுக்குப் பின் எழுதிய புது லாக்கைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தேன். 30 வினாடிக்கு ஒரு முறை ஒரே முகவரியிலிருந்து லாகின் பக்கத்துக்கு ஒரு வருகை. குக்கீயை வைத்துக்கொள்ளாத ஆள், ஒவ்வொரு தடவையும் புது செஷன். நாளைக்கு 2,880. வருஷத்துக்குப் பத்தரை லட்சம். அது வேறு யாருமில்லை, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வருஷத்துக்கு முன்னால் நானே வைத்த கண்காணிப்பு. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அது டிஸ்க் சதவீதத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஐநோடைப் பார்க்கச் சொல்ல எனக்குத்தான் தோன்றவில்லை.

கண்காணிப்பை ஒரு சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன், ஐநோடு 80 சதவீதம் தாண்டினால் மெயில் வர வைத்தேன், செஷன் பாதையை ஐஎன்ஐயிலும் எழுதினேன். கிளம்பும்போது பார்த்தால், அநேகமாகக் காலியாகிவிட்ட அந்த டைரக்டரியே 60 எம்பி என்று காட்டியது. எக்ஸ்ட்4 டைரக்டரி ஒருமுறை ஊதினால் தானாகச் சுருங்காதாம். புதிதாக ஒன்று உருவாக்கிப் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாற்றினேன், தூங்கினேன்.

காலை 7 மணிக்கு மறுபடி ஃபோன். லாகின் ஆகவில்லை. புது டைரக்டரிக்கு ஓனர் ரூட் (நிர்வாகிக் கணக்கு), பர்மிஷன் 755, அதாவது எழுதும் உரிமை ஓனருக்கு மட்டும். பிஹெச்பியால் ஓர் எழுத்துகூட எழுத முடியவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம்தான் ஆனது. ஆனால் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், இரவு முழுக்கப் பச்சைதான். ஹெச்டிஎம்எல் பக்கம் அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. குழுவில் சொன்னேன். "லாகினையே பாருங்க தம்பி, பாத்ததும் செஷனை அழிச்சிடுங்க" என்று பதில் வந்தது.