ரீஸ்ட்ரக்சரிங்கில் பதவி இறங்கினால்: முதலில் காகிதம், அப்புறம் மனசு

பதவியை இறக்குகிறோம் என்று சொல்லும் மீட்டிங் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்று மாலையோ மறுநாளோ ஹெச்ஆர் போர்ட்டலில் திருத்திய கடிதம் ஏறும். கீழே ‘அக்செப்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். மறுப்பதற்குப் பட்டன் இருக்காது. இருபது பேரைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த டெலிவரி மேனேஜர், திங்கட்கிழமை முதல் யாரும் ரிப்போர்ட் செய்யாத டெக் லீட். சென்னை ஐடி கம்பெனிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றத் துறைக்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

மனசு நொந்துபோயிருக்கிறவரிடம் முதலில் காகிதத்தைப் பார் என்பது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் காகித வேலைக்குக் கெடு உண்டு. மனசு இரண்டு வாரம் பொறுக்கும், கடிதம் பொறுக்காது.

பட்டனை அழுத்துவதற்கு முன் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். நான்கு வரி போதும்: “கடிதம் கிடைத்தது. விவரங்களைப் படித்துவிட்டு என் பதிலைத் தெரிவிக்கிறேன். இந்த மாற்றம் ரீஸ்ட்ரக்சரிங்கால் வந்ததா, பெர்ஃபார்மன்ஸ் காரணமா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். அமலுக்கு வரும் தேதியையும் உறுதிசெய்யவும்.” பட்டனை அழுத்தாமல் போர்ட்டல் நகராது என்றால், ‘பெற்றுக்கொண்டதற்கு மட்டுமே அழுத்துகிறேன்’ என்று அதே மெயிலில் ஒரு வரி சேருங்கள். மெயிலில் கோபம் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ‘ரோல் எலிமினேட் ஆனதால்’ என்று ஒரு பதில் வந்துவிட்டால், அடுத்த அப்ரைசலிலும் அடுத்த கம்பெனி இன்டர்வியூவிலும் அந்த ஒரு வரி பேசும். ராத்திரி இரண்டு மணிக்கு ‘நமக்குத்தான் தகுதி இல்லையோ’ என்று குடையும்போதும் அது உதவும்.

கடிதத்தில் எல்லோரும் சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்குச் செய்யும் மொத்தச் செலவைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையான கிராஜுவிட்டி, கடைசியாக வாங்கிய சம்பளத்தின் மேல்தான் மொத்த சர்வீசுக்கும் கணக்காகும்: சம்பளம் × 15 ÷ 26 × வருடங்கள். கணக்கு எளிதாக இருக்க, சம்பளம் என்ற இடத்தில் பேசிக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். 12 வருட சர்வீஸ், பேசிக் 60,000 என்றால் சுமார் 4,15,000 ரூபாய். பேசிக்கை 48,000 ஆக்கிவிட்டு நீங்கள் வெளியேறினால் சுமார் 3,32,000. அதாவது மேனேஜராக உழைத்த வருடங்களின் பணத்திலும் 83,000 ரூபாய் போகிறது. பிஎஃப் முழு பேசிக்கின் மேல் பிடிக்கப்படுகிறது என்றால், உங்கள் பங்கு 12 சதவீதத்தில் மாதம் 1,440, கம்பெனி பங்கில் அதே அளவு குறையும். லீவு என்காஷ்மென்ட்டும் பெரும்பாலும் இதே பேசிக்கைப் பிடித்துத்தான் ஓடும். ஆகவே பேச இடமிருந்தால் கேட்க வேண்டியது இது: “குறைத்தே ஆக வேண்டும் என்றால் வேரியபிளில் குறையுங்கள், பேசிக்கைத் தொடாதீர்கள்.” பேசிக் விகிதத்தைக் கிரேடோடு பூட்டி வைத்திருக்கும் கம்பெனிகளில் இது நடக்காது. கேட்பதில் நஷ்டமில்லை.

சம்பளத்தைக் குறைக்கவில்லை என்று சொன்னாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். கீழ் பேண்டின், அதாவது புதுப் பதவிக்கான சம்பள வரம்பின் உச்சத்தைவிட உங்கள் சம்பளம் அதிகமாக இருந்தால், அந்த வரம்பு உங்களை எட்டிப் பிடிக்கும் வரை இன்கிரிமென்ட் பூஜ்யமாக இருக்கும். ‘என் சம்பளம் புது பேண்டில் எங்கே நிற்கிறது, அடுத்த சைக்கிளில் ஹைக்குக்குத் தகுதி உண்டா’ என்று நேராகக் கேளுங்கள். வருட நடுவில் மாற்றினால் இன்னொரு சிக்கல் வரும். பழைய பதவிக்கான கோல்களே (வருட இலக்குகள்) சிஸ்டத்தில் கிடக்கும். மார்ச்சில் ‘டீமிலிருந்து ஆட்கள் விலகுவதைக் குறைத்தீர்களா’ என்று கேட்டு ரேட்டிங்கைக் குறைப்பார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் கோல்ஷீட்டைப் புதிதாகப் போட வையுங்கள். பழைய ரோலில் கழிந்த மாதங்களுக்குத் தனி ரேட்டிங்கோ குறிப்போ பழைய மேனேஜரிடமிருந்து வாங்கிவிடுங்கள். அவரும் அதே அலையில் கிளம்பிவிட்டால் அப்புறம் எழுதித்தர ஆள் கிடைக்காது.

போர்ட்டலில் டெசிக்னேஷன் மாறுவதற்கு முன் பேஸ்லிப், ஃபார்ம் 16, பழைய புரமோஷன் கடிதங்கள், அப்ரைசல் பக்கங்கள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் காகிதங்களை மட்டும். கிளையன்ட் பிரசன்டேஷன், பிராஜெக்ட் ஃபைல் எதையாவது ஜிமெயிலுக்கு அனுப்பினால் செக்யூரிட்டி டீமுக்கு அலர்ட் போய், பதவியிறக்கம் வேலைநீக்கமாக முடியும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரின் சம்பளத்தை மாற்ற 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது அது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசரும் அந்த வரையறைக்கு வெளியே. ஆனால் இதுபோன்ற வழக்குகளில் பெயர்ப்பலகையைவிட உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதற்குத்தான் மதிப்பு. லீவு அப்ரூவ் செய்யும் அதிகாரம் கூட இல்லாத ‘மேனேஜர்’கள் நம் ஊரில் நிறைய. உங்கள் கேஸ் எந்தப் பக்கம் என்பதைத் தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீல் கடிதத்தையும் உங்கள் வேலை விவரத்தையும் பார்த்துச் சொல்லட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள்.

இனி மனசு.

மேனேஜர் வேலையில் ஒரு நாளின் பலன் மற்றவர்கள் கை வழியாக வருகிறது. ஆட்கள் போனதும் ‘இன்று நான் என்ன செய்தேன்’ என்பதற்குப் பதில் இருக்காது. காலண்டர் காலியாக இருக்கும். கான்ஃபரன்ஸ் காலில் பேச வாயெடுத்து, அடுத்தவர் பேசட்டும் என்று மியூட்டைத் திரும்ப அழுத்துவீர்கள். மூன்று வரி மெயிலை ஐந்து முறை படிப்பீர்கள். இதைத் திறமை போய்விட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய பிசகு, போனது அளவுகோல்.

தன்னால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று 1977-ல் விரிவாக எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் நிலை. இவற்றில் முதலாவதுதான் வலிமையானது. ‘உங்களால முடியும் பாஸ்’ என்று நண்பர்கள் சொல்வது ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை என்பதற்கு இதுவே விடை. ஆகவே முதல் மாதம் முடித்துக் காட்டக்கூடிய சின்ன வேலையாகப் பிடியுங்கள். எட்டு வருடம் புரோகிராம் கோடிங்கைத் தொடாதவர் முதல் வாரமே ஆர்க்கிடெக்சர் டிசைனில் குதித்தால், இருபத்தைந்து வயதுப் பையன் நாலு கமென்ட் போட்டதும் சுருண்டுவிடுவார். பேக்லாகில் யாரும் தொடாமல் கிடக்கும் புரொடக்‌ஷன் டிக்கெட் (பதிவான பிழைப் புகார்) ஒன்றை எடுங்கள். லாக் படித்து, பிழையைத் திரும்ப வரவழைத்து, டெஸ்ட் கேஸ் எழுதி, சரிசெய்து, மூடுங்கள். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு நோட்டில் என்ன முடிந்தது, யாருக்குப் பயன்பட்டது, ஆதாரம் எங்கே என்று எழுதி வையுங்கள். பின்னால் ரெஸ்யூமேக்கும் இதே நோட்டுதான்.

உடனே சர்டிஃபிகேஷன் கோர்ஸில் பணம் கட்டுவது பலரும் செய்வது. அது பெரும்பாலும் தள்ளிப்போடுதல் என்பது என் கட்சி. எந்த வேலை கைவரவில்லை என்று டிக்கெட் காட்டிக்கொடுக்கும். அதற்கு வேண்டியதை மட்டும் படித்தால் போதும்.

எழுதுவதும் உதவும். வேலை போன என்ஜினியர்களை வைத்து 1994-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், தினம் 20 நிமிடம் ஐந்து நாள் தங்கள் மனத்தாங்கலை எழுதியவர்கள், எழுதாதவர்களைவிடச் சீக்கிரம் வேலையில் அமர்ந்தார்கள். யாருக்கும் காட்டாமல், ஆபீஸ் லேப்டாப்பில் இல்லாமல், பேப்பரில் எழுதுங்கள்.

நேற்று வரை உங்களுக்கு ரிப்போர்ட் செய்தவர் இன்று உங்கள் மேனேஜர் என்றால், அவருக்கும் தூக்கம் போயிருக்கும். அவர் கூப்பிடும் வரை காத்திருக்காமல் நீங்களே அரைமணி நேரம் கேளுங்கள். “டீம்ல யாராவது பழைய பழக்கத்துல என்கிட்ட லீவு, எஸ்கலேஷன்னு வந்தா உங்ககிட்ட அனுப்பிடுறேன். என் வேலையில உங்களுக்கு எது எப்ப வேணும்னு சொல்லுங்க” — இவ்வளவு போதும். தனியாக இருக்கும்போது ‘வா, போ’ பழக்கம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மீட்டிங்கில் ‘நீங்க’ என்றே பேசுங்கள். அவர் உங்களை ‘அண்ணா’ என்றோ ‘சார்’ என்றோ தொடர்ந்து கூப்பிட்டால் திருத்த வேண்டாம். கெடுவது எங்கே என்றால், டீ கடையில். பழைய டீம் சுற்றி நின்று ‘நீங்க இருந்தப்ப இப்படியா இருந்துச்சு’ என்று ஆரம்பிக்கும். அதற்குத் தலையாட்டினால் மாலைக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

வீட்டில் மனைவி அல்லது கணவரிடம் அந்த வாரமே சொல்லுங்கள், இஎம்ஐ கணக்கோடு. மறைத்தால் தினமும் நடிக்க வேண்டியிருக்கும், அது இன்னொரு முழுநேர வேலை. கல்யாண வீட்டில் ‘இப்ப என்ன போஸ்ட்ல இருக்க’ என்று கேட்கும் சித்தப்பாவுக்கு, ‘டெக்னிகல் சைடுக்கு வந்துட்டேன் சித்தப்பா’ என்பது பொய்யில்லாத பதில்.

தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் போனால் டாக்டரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

வேறு கம்பெனிக்குத் தாவுவதாக இருந்தாலும் முதல் மாதத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள். 90 நாள் நோட்டீஸ் பீரியடில், கையில் ஆஃபர் இல்லாமல், குரலில் கசப்போடு போகும் இன்டர்வியூ தேறாது. ரெஸ்யூமேயில் இரண்டு டெசிக்னேஷனையும் தேதியோடு போடுங்கள். பழையதையே இன்று வரை இழுத்துப் போட்டால், பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் கம்பெனி சொல்லும் கடைசி டெசிக்னேஷன் வேறாக இருந்து, கைக்கு வந்த ஆஃபர் நின்றுபோகும். ஏன் மாறியது என்று கேட்டால் இரண்டே வாக்கியம்: “ரெண்டு யூனிட்டைச் சேர்த்தப்ப ஒரு மேனேஜர் லேயரை எடுத்தாங்க, நான் டெக் லீடா தொடர்ந்தேன். அதுக்கப்புறம் ராத்திரி பேட்ச் ஓடுற நேரத்தை ரெண்டு மணி நேரத்துலேர்ந்து நாப்பது நிமிஷத்துக்குக் கொண்டு வந்தேன்.” இரண்டாவது வாக்கியத்துக்கான சரக்கை வெள்ளிக்கிழமை நோட்டிலிருந்து எடுங்கள், அடுத்த கேள்வி அந்த பேட்ச் ஜாபைப் பற்றித்தான் வரும்.